இடையில் விட்ட காய்ச்சல்

என் மூத்த மகளுக்கு அப்போது நான்கு வயது. முல்லைத்தீவுக் கரையை விட்டு வந்து, செட்டிகுளத்தில் கணவரின் சொந்தக்காரர் தந்த வளவுக்குள் கொட்டில் போட்டு இருந்தோம். கடலில் தொழில் செய்த மனிதர் அங்கே வயல் வேலைக்குப் போனார். நான் பின்னேரங்களில் அயலிலுள்ள பெண்களைக் கூட்டிச் செபமாலை சொல்லுவேன். செபங்கள் எனக்கு மனப்பாடம், பாட்டும் வரும். ‘அவா செபிச்சால் நடக்கும்’ என்று மெல்ல மெல்ல ஒரு பேர் வந்துவிட்டது. கேட்க எனக்கும் நன்றாகத்தான் இருந்தது.

ஒரு மாரி மழையில் மகளுக்குக் குளிரும் நடுக்கமுமாகக் காய்ச்சல் வந்தது. மாதாவுக்கு ஒன்பது நாள் செபமான நவநாளைத் தொடங்கினேன். அடுத்த நாளே காய்ச்சல் விட்டுவிட்டது. பிள்ளை எழும்பி முற்றத்தில் கோழி கலைத்து விளையாடினாள். பின்னேரம் வந்த பெண்களிடம், மாதா ஒரே நாளில் சுகம் தந்துவிட்டா என்று சொல்லி நன்றிப் பாட்டும் பாட வைத்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் காய்ச்சல் திரும்பி வந்தது. இருந்த சேலையெல்லாம் போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லை. வயலால் வந்த கணவர் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

“ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவம், வெளிக்கிடு.”

“நவநாள் முடிய இன்னும் ஆறு நாள் கிடக்கு. உங்களுக்கு விசுவாசம் இல்லையோ?”

நான் அப்படிக் கேட்டது விசுவாசத்தால் அல்ல. முந்தின நாள் நன்றிப் பாட்டுப் பாடிய பெண்கள் என்ன நினைப்பார்கள் என்ற வெட்கம். ‘ஞானத்தைத் தாரும் ஆண்டவரே’ என்று மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த நான், எனக்காக அதைக் கேட்க மறந்துபோனேன்.

அவர் கோபிக்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

“கரியரில இருந்தும் செபிக்கலாம்தானே? ஆண்டவர் ரோட்டிலயும் கேப்பார். எழும்பு.”

கோயிலில் கடைசி வரிசையில் நின்று, பிரசங்கம் நீண்டால் வெளியே போய்விடும் மனிதர் அவர். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஏறினேன். வெள்ளம் நின்ற இடங்களில் அவர் இறங்கித் தள்ளினார். மனப்பாடமான செபம் ஒன்றும் முழுதாக வரவில்லை. ‘இனி என்ன செய்யவேணும் எண்டு சொல்லித்தாரும்’ என்று மட்டும் வழி நெடுகக் கேட்டுக்கொண்டு போனேன்.

ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மலேரியா.

“இடையில ஒரு நாள் காய்ச்சல் விட்டதோ?” என்று டொக்டர் கேட்டார்.

“ஓம்.”

“மலேரியா அப்பிடித்தான், விட்டு விட்டு வரும். நல்ல நேரம் கொண்டு வந்தியள்.”

பக்கத்துக் கட்டிலில் தன் பிள்ளையோடு ஒரு முஸ்லிம் பெண் இருந்தார். பேச்சுக் கொடுத்தபோது அவரும் முல்லைத்தீவுதான் என்று தெரிந்தது. எங்களைப் போலவே ஊரை விட்டு வந்தவர். நான் ஒன்றும் சாப்பிடாமல் இருந்ததைக் கண்டு தன் கஞ்சியில் பாதியை ஊற்றித் தந்தார்.

“முதல்ல குடிங்க. பிள்ளையப் பாக்கத் தெம்பு வேணும்.”

அவர் தொழுகைக்கு நிற்கும்போது நான் இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டேன். நான் செபமாலை எடுத்தால் அவர் பார்த்துக்கொண்டார். நவநாளின் மீதி நாட்களை அந்தக் கட்டிலடியில்தான் முடித்தேன்.

மகள் தேறி வீடு வந்த அன்று பின்னேரம் பெண்கள் கூடினார்கள். “சாட்சி சொல்லுங்கோ அக்கா” என்று கேட்டார்கள்.

“சுகம் வந்திட்டுது எண்டு நான் அவசரப்பட்டுச் சொல்லிப்போட்டன்,” என்றேன். “காய்ச்சல் திரும்பி வரேக்குள்ளை, வெக்கத்தில ஆஸ்பத்திரிக்குப் போக மறுத்தனான். இவர்தான் ஏத்திக்கொண்டு போனவர். டொக்டரின்ர மருந்திலதான் ஆண்டவர் சுகம் தந்தவர்.”

பின்னால் இருந்த ஒரு பெண் எழும்பினாள். அவளுடைய மகளுக்கும் இரண்டு நாளாக நடுக்கமாம். என் செபத்துக்குக் காத்திருந்திருக்கிறாள்.

“நீ இப்பவே வெளிக்கிடு. மற்றப் பிள்ளையளை நான் பாக்கிறன்,” என்றேன்.

அன்றைய செபமாலை அத்தோடு நின்றது. அவளுடைய சின்னப் பிள்ளைகள் இரண்டையும் கூட்டிவந்து, சோறு குழைத்து, என் மகளோடு இருத்திச் சாப்பிடக் கொடுத்தேன். நன்றி சொல்ல எனக்கு அன்று பாட்டு எதுவும் தேவைப்படவில்லை.