பள்ளிவாசல் லயத்தில் ஆறாம் வீட்டுக் குரலுக்காகக் காத்திருந்தது

பிளஸ் டூ பரீட்சை முடிந்து நான் சும்மா இருந்தால் வீடு தாங்காது என்று அம்மாவே பஸ் ஏற்றிவிட்ட பயணம் இது. ஏப்ரல் முதல் வாரம். எங்கள் ஊர் நல்லேப்பிள்ளியில் காலை ஆறு மணிக்குக் கிளம்பி, பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் வழியாக மூணாறு சேர மதியம் ஒன்றரை. சின்னாறு காட்டில் யானை வரும் என்றார்கள். வந்தது பக்கத்து சீட்காரரின் கொட்டாவிதான். மூணாறிலிருந்து பள்ளிவாசல் எட்டு கிலோமீட்டர், ஷேர் ஜீப்புக்கு முப்பது ரூபாய் கொடுத்தேன்.

தங்கியது ஹாஸ்டல் நண்பன் முத்து வீட்டில், தேயிலைத் தோட்ட லயத்தில். லயம் என்றதும் தாளம் போடாதீர்கள். தொழிலாளர் குடியிருப்பு அது. பத்து வீடு, ஒரே கூரை. இந்த வீட்டில் மிளகாய் தாளித்தால் அந்த வீட்டில் தும்முவார்கள்.

இரண்டாம் நாள் மாலை ஐந்தேகாலுக்கு நிலம் ஆடியது. முதலில் சத்தம், காலுக்கடியில் லாரி ஓடுவது மாதிரி. டம்ளர்கள் குதித்தன. எதிர்ச் சரிவில் காற்றே இல்லாமல் தேயிலைச் செடிகள் மொத்தமும் நடுங்கின. ஏழெட்டு நொடிதான். ஒரு மலை அசையும் என்று நான் நினைத்ததே இல்லை. வாயைத் திறந்தேன், ஜோக் வரவில்லை. என் சரித்திரத்தில் முதல்முறை.

அதைவிட அசந்தது அடுத்து நடந்ததைப் பார்த்து. முத்துவின் அப்பா லயத்துக் கோடிக்கு ஓடி, போர்டில் இருந்த பத்து ஃபியூஸையும் பிடுங்கினார். சிலிண்டரை மூடி, சுவிட்சுகளை அணைத்துவிட்டு வந்த பெண்கள் வரிசையாகக் குரல் கொடுத்தார்கள். "ஒண்ணு அணைச்சாச்சு." "ரெண்டு அணைச்சாச்சு." ஆட்டத்தில் தப்பிய கூரை அப்புறம் பிடிக்கும் தீயில் போகலாம் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். ஒரு வீடு எரிந்தால் பத்தும் சாம்பல்.

ஆறில் குரல் இல்லை. பத்துக் குரலும் வராமல் ஃபியூஸ் ஏறாது; எது எந்த வீட்டு ஃபியூஸ் என்று போர்டில் எழுதியும் வைக்கவில்லை. பார்வதி அக்கா வீட்டைப் பூட்டிக்கொண்டு மகளோடு கடைக்குப் போயிருந்தார். ஜன்னலில் மூக்கை வைத்துப் பார்த்தார்கள். கேஸ் வாடை இல்லை. அரைமணியில் கீழ் லயத்துக்குக் கரண்ட் வந்தது. நாங்கள் மட்டும் குளிரில் நின்றோம். பொறுக்கவில்லை எனக்கு. கூட்டத்துக்குப் பின்னால் போய்ப் பெண்குரலில், "ஆறு அணைச்சாச்சு" என்றேன்.

சிரிப்பார்கள் என்று நினைத்தேன். பார்வதி அக்கா வந்துவிட்டார் என்று நம்பிவிட்டார்கள். முத்துவின் அப்பா ஃபியூஸைக் கையில் எடுத்தார்.

"ஆறுன்னு சொன்னது யாரு?" என்றார் முத்துவின் அம்மா, செல்வி அத்தை.

"நான்தானுங்க அத்தை. சும்மா வெளையாட்டுக்கு."

"பார்வதி வராம ஒரு ஃபியூஸும் ஏறாது" என்று அத்தை போர்டுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

"ஏலேய், மொதல்ல ஒன் வாயில உள்ள ஃபியூஸப் புடுங்கணும்" என்றான் முத்து.

சாலையில் கல் சரிந்திருந்ததால் பார்வதி அக்கா சுற்றி வந்து சேர ஆறு மணியாகிவிட்டது. கதவைத் திறந்தார். வெந்நீர் போட்டிருந்த வாளி முக்காலியிலிருந்து கவிழ்ந்து, தண்ணீர் வாசல் பக்கம் ஓடியிருந்தது. ஹீட்டர் கம்பி கட்டிலில், மகளின் காய்ந்த கம்பளிமேல் கிடந்தது. சுவிட்ச் போட்டபடியே இருந்தது.

அதை அணைத்துவிட்டு வெளியே வந்து சொன்னார். "ஆறு அணைச்சாச்சு."

என்னை யாரும் திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை.

மறுநாள் மூணாறு பஜாரில் கீழே டீக்கடை, மேலே லாட்ஜ், வாசலில் சிலிண்டர் வரிசை, தலைக்குமேல் இடியாப்பச் சிக்கலாய் வயர். மெயின் சுவிட்ச் எங்கே என்று டீக்கடைச் சேட்டனிடம் கேட்டேன். மாடியில் பூட்டிய அறையில், சாவி முதலாளியிடம், முதலாளி எர்ணாகுளத்தில் என்றார். பத்து வீட்டில் ஒரு குரல் குறைந்ததற்கே லயம் மொத்தமும் நின்றது. லட்சம் வீடு நெருக்கியிருக்கும் நகரத்தில் யார் குரலுக்கு யார் காத்திருப்பார்?

போகிறவர்களுக்கு: ஏப்ரலிலும் ஸ்வெட்டர் வேண்டும். நிலம் ஆடி நின்றால் சிலிண்டரை மூடுங்கள், மெயினை அணையுங்கள், தீக்குச்சி உரசாதீர்கள். உள்ளே பார்க்காமல் கரண்ட்டைத் திரும்பப் போடாதீர்கள். லாட்ஜில் வைஃபை பாஸ்வேர்டுக்கு முன்னால் மெயின் சுவிட்ச் எங்கே என்று கேளுங்கள்.

எங்கள் வீட்டில் அது எங்கே என்று எனக்கே தெரியாது. வந்ததும் அம்மாவிடம் கேட்டேன். "அரிசி மூட்டைக்குப் பொறகால, கண்ணு" என்றார். மூன்று மூட்டை. நகர்த்தி வைத்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.