ஒரு மாதத்துக்கு ஒரு மஞ்சள் கார்

பழைய கார் விற்பவனிடம் யாரும் உண்மையைக் கேட்பதில்லை. கேட்டால் எங்கே சொல்லித் தொலைத்துவிடுவானோ என்று எல்லோருக்கும் பயம். கிள்ளானில் நான் இந்தத் தொழிலைத் தொடங்கியபோது எனக்குத் தலை நிறைய முடி இருந்தது. இப்போது நான் விற்ற சில கார்களின் டயர் மாதிரி ஆகிவிட்டது தலை. கார் வாங்கி அவதிப்பட்டவர்கள், விற்று அவதிப்பட்டவர்கள், மச்சானுக்கு இரவல் கொடுத்து அவதிப்பட்டவர்கள், எல்லோரும் நம் கட்சிதான். அதிலும் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கலாமா வேண்டாமா என்று மனத்துக்குள் பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருப்பவர்கள் கொஞ்சம் முன்னால் வந்து உட்காருங்கள். நான் சொல்வதில் கால்வாசியைக் கழித்துவிட்டால் மிச்சம் முழுக்க நிஜம்.

வேன் வாங்க வந்தவர்

சிவநேசன் கிள்ளானில் கேட்டரிங் செய்பவர். கல்யாணமோ கருமாதியோ, சாம்பார் அவருடையதுதான். பழைய வேனின் பின்கதவைக் கயிறு போட்டுக் கட்டி ஓட்டிக்கொண்டிருந்தார். புது வேனுக்கு வழியில்லை, நல்ல பழைய வேனாக ஒன்று வேண்டுமென்று மனைவி மங்கையோடு என் கடைக்கு வந்தார். வெள்ளை வேன் ஒன்று தயாராக நின்றது. அதன் பின்னால் அந்த மஞ்சள் காரும் நின்றது. பங்சாரில் ஒரு வக்கீல் ஓட்டியது. அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டதால் என்னிடம் வந்து சேர்ந்தது. உயரம் என் இடுப்புக்குக்கூட வராது. எஞ்சினைக் கிளப்பினால் அடுத்த கடை மீன் தொட்டியில் மீன்கள் எல்லாம் ஒரே மூலைக்கு ஓடும்.

சிவநேசன் வேனைப் பார்க்கவே இல்லை. பதினேழு வயதில் சுவரில் ஒட்டிவைத்த படமாம் அது. சுவரும் போய், வீடும் போய், படம் மட்டும் அவருக்குள் அப்படியே இருந்திருக்கிறது. காரா வேனா, ஒன்றுதான் வாங்க முடியும். புருஷன் முகத்தை மங்கை பார்த்தார். நான் எல்லோரிடமும் சொல்கிற வசனத்தைச் சொல்லிவைத்தேன்: "ஒரு மாசம் ஓட்டிப் பாருங்க. பிடிக்கலேன்னா திருப்பிக் குடுத்துட்டு வேனைக் கொண்டுபோங்க." இத்தனை வருடத்தில் அதை யாரும் மெய்யென்று எடுத்துக்கொண்டதில்லை. மங்கை எடுத்துக்கொண்டார்.

"சரி அங்கிள். ஒரு மாசத்துக்குள்ள இந்தக் கார் வீட்டுக்கு உருப்படியா ஒரே ஒரு வேலை செஞ்சு காட்டட்டும். இல்லேன்னா நானே கயிறு கட்டி இழுத்துக்கிட்டு வந்து உங்க வாசல்ல விட்டுட்டுப் போயிடுவேன்!"

பூஜை

வண்டி எடுத்தால் கோயிலில் பூஜை போடாமல் நம்மவர்கள் ஒரு லிட்டர் பெட்ரோல்கூட ஊற்ற மாட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை காரைக் கோயில் வாசலில் நிறுத்தினோம். குருக்கள் வந்து முன்மூடியைத் திறக்கச் சொன்னார். சந்தனம், குங்குமம், மல்லிகைச் சரம், மூன்று முறை தீபாராதனை. உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ சுத்தமான எஞ்சினை நான் பார்த்ததே இல்ல" என்று மனம் நிறைந்து சொன்னார். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, தேங்காயும் உடைத்து, எல்லாம் சுபமாக முடிந்தது.

அப்போதுதான் என் மெக்கானிக் ஆ சோங் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். ரப்பர் தோட்டத்தில் தமிழர்களோடு வளர்ந்த சீனன். அவன் தமிழில் திட்டினால் அகராதி தேவைப்படும். திறந்திருந்த மூடியைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அந்த வகைக் காருக்கு எஞ்சின் பின்னால் இருக்கும். நாங்கள் அத்தனை பேரும் கைகூப்பி நின்றது பெட்டி வைக்கிற பள்ளத்துக்கு. உள்ளே ஒரு காற்றடிக்கிற பம்ப் மட்டும் குங்குமப் பொட்டோடு உட்கார்ந்திருந்தது. மங்கையின் முகம் போன போக்கைப் பார்த்து சிவநேசன் குருக்களிடம் பரிகாரம் கேட்டார். குருக்கள் கொஞ்சமும் அசரவில்லை.

"அதனால என்ன? கோயிலைச் சுத்தி ரிவர்ஸ்ல ஒரு ரவுண்டு வாங்க, சரியாப் போயிடும்."

தாமானுக்குள் பயணம்

சிவநேசன் குடியிருக்கிற தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், குடியிருப்போர் சங்கம் ரொம்பச் சுறுசுறுப்பு. வேறு வேலை இல்லாத நாளெல்லாம் ரோட்டில் ஒரு வேகத்தடை போட்டுவிடும். வேன் அதன்மேல் ஏறிக் குதித்துப் போகும், சாம்பார் மட்டும் கொஞ்சம் சிந்தும். மஞ்சள் காருக்கு அது மலை. நேராக ஏறினால் வயிறு உரசும். குறுக்காக, ஒரு சக்கரம் ஒரு சக்கரமாக, முழங்கால் வலிக்காரர் படி ஏறுகிற மாதிரி ஏற வேண்டும். விமானம் மாதிரி ஓடக்கூடிய வண்டி. அதற்கு முன்னால் மங்கை குனிந்தபடி நடந்து, "வா, வா, நில்லு, இன்னும் கொஞ்சம் வா" என்று கை காட்டிக்கொண்டே போவார்.

ஒருநாள் நானும் பக்கத்து சீட்டில் இருந்தேன். ஒரு நத்தை எங்களை முந்திக்கொண்டு போய்த் திரும்பிப் பார்த்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், அதனால் விட்டுவிடுகிறேன். மோட்டார் சைக்கிளில் காய்கறி விற்கிறவர் முந்தியது சத்தியம். போனவர் மனசு கேட்காமல் திரும்பி வந்தார். கூடையை ஓரமாக இறக்கிவைத்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, ஜன்னலுக்குக் குனிந்து கேட்டார்.

"என்ன boss, வண்டி படுத்துருச்சா? தள்ளி விடட்டா?"

டோல் சாவடி

இதை எந்த விற்பனைக்காரனும் சொல்ல மாட்டான், நானும் சொல்லவில்லை: அந்தக் காரில் உட்கார்ந்தால் டோலில் கார்டு வைக்கிற இடம் தலைக்கு மேலே எங்கேயோ இருக்கும். முதல் வாரம் சிவநேசன் கதவைத் திறந்து, இறங்கி, கார்டை வைத்துவிட்டு, மறுபடியும் ஏறி உட்கார்ந்து பெல்ட் மாட்டினார். அதற்குள் பின்னால் நின்ற லோரிக்காரன் அடித்த ஹார்னில் பறவைகள் இடம் பெயர்ந்தன. அந்தக் காரில் இறங்குவதும் ஏறுவதும் சும்மாவா? பாதிப் படுக்கையில் இருந்து எழுந்து, பாதிப் படுக்கைக்குத் திரும்புவது அது.

இரண்டாவது வாரம் அவரிடம் தீர்வு இருந்தது. நூறு பேருக்கு ரசம் கலக்குகிற நீளக் கரண்டியின் நுனியில் கார்டை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தார். ஜன்னல் வழியாகக் கரண்டி வெளியே வரும், பீப் என்று சத்தம் கேட்கும், கரண்டி உள்ளே போகும். சாவடிப் பக்கம் நின்ற மலாய்க்காரப் பெண் முதல்நாள் வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்த முறை மஞ்சள் கார் வருவதைக் கண்டதுமே குனிந்து விசாரித்தாள்.

"அபாங், ஹாரி இனி மாசாக் அப்பா?"

அண்ணே, இன்னிக்கு என்ன சமையல் என்று கேட்கிறாளாம்.

மாப்பிள்ளை கார்

உருப்படியாக ஒரு வேலை செய்து காட்டியாக வேண்டுமே! நாள் போய்க்கொண்டிருந்தது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கல்யாணத்துக்கு சிவநேசன் சமையல். மாப்பிள்ளை நம் காரில் வந்து இறங்கட்டும், பார்க்கிறவர்கள் கேட்பார்கள், அடுத்த கல்யாணத்துக்கும் கூப்பிடுவார்கள் என்று திட்டம் போட்டார். மண்டப வாசலில் கார் உறுமி நின்றபோது நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். ஆளாளுக்கு போனைத் தூக்கினார்கள். கதவு திறந்தது. மாப்பிள்ளை வரவில்லை.

ஆள் நல்ல வாட்டசாட்டம். பட்டு வேட்டி, தலைப்பாகை, தொடை வரைக்கும் மாலை. உள்ளே போகும்போது வழுக்கிக்கொண்டு போய்விட்டார். வெளியே வர பட்டு பிடி கொடுக்கவில்லை. தோழன் ஒரு கையை இழுத்தான், நான் இன்னொரு கையை இழுத்தேன், தலைப்பாகை முதலில் வந்தது. மாமா ஒருவர் வேட்டியைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டார், இல்லையென்றால் அதுவும் தனியாக வந்திருக்கும். நல்ல நேரம் கரைந்துகொண்டிருந்தது. ஆரத்தித் தட்டோடு நின்ற மாப்பிள்ளையின் அம்மா கடைசியில் பொறுமை இழந்தார்.

"அட கடவுளே, இவனைப் பெத்தெடுக்கக்கூட எனக்கு இவ்ளோ நேரம் ஆகலையே!"

ஒரு ஞாயிற்றுக்கிழமை

குறையாகவே சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். கல்யாணத்துக்கு மறுநாள் விடிந்ததும் சிவநேசன் என்னை ஏற்றிக்கொண்டு போனார். கோலாலம்பூர் போகும் நெடுஞ்சாலையில் வார நாளென்றால் அந்தக் காருக்கும் சிமெண்டு லோரிக்கும் ஒரே வேகம்தான். அன்று ரோடு காலி. அவர் காலை அழுத்தினார். என் பல் செட் பின்பக்கக் கண்ணாடியில் போய் ஒட்டிக்கொண்டது. எடுத்து மாட்டிக்கொண்டுதான் "மெதுவா" என்று சொல்ல முடிந்தது. அவருக்குக் காது கேட்கவில்லை. ஐம்பது வயது மனுஷன் சிரித்துக்கொண்டிருந்தார். புன்னகை இல்லை, வாய்விட்டு, கண்ணில் தண்ணீர் வர, வளைவில் திரும்பும்போதுகூட நிறுத்தாமல்.

திரும்பி வருகிற வழியில் வண்டியை ஓரங்கட்டி, நுரை பொங்க ஆற்றிக் கொடுக்கிற தேத்தாரே டீ குடித்தோம். காரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டு நாளில் மாதம் முடிகிறது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"அண்ணே, வேன்தான் சரி, எனக்குப் புரியுது. ஆனா எங்கப்பா போனதுக்கப்புறம் நான் சத்தம் போட்டுச் சிரிச்சது இன்னிக்குத்தான்."

மாதக் கடைசி

அவரே போன் பண்ணினார். "வேனைக் கொண்டு வந்துடுங்கண்ணே." குரலில் உப்பும் இல்லை, காரமும் இல்லை. வெள்ளை வேனைக் கழுவித் துடைத்து ஆ சோங்கும் நானும் ஓட்டிக்கொண்டு போனோம். வாசலில் பழைய வேன் பானட்டைத் திறந்துகொண்டு நின்றது, காலையிலேயே படுத்துவிட்டதாம். மஞ்சள் காரைக் காணவில்லை. பங்சாரில் ஒரு வாடிக்கையாளர் வீட்டுக்கு மாதிரிச் சாப்பாடு காட்ட வேண்டியிருந்ததால், வேறு வழியில்லாமல் மங்கை அதில் போயிருக்கிறார். வாழ்நாள் முழுக்கச் சின்னக் கார் ஓட்டியவர். மதியத்துக்குத் திரும்பியிருக்க வேண்டும். மூன்று மணி ஆனது, நாலு ஆனது. சிவநேசன் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். ஆ சோங் கேட்டைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்தான். "அக்கா ரிவர்ஸ்ல போயிருக்கும்லா" என்று ஒருமுறை சொன்னான். சொல்லிவிட்டு அவனே கடிகாரத்தைப் பார்த்தான்.

ஐந்து மணிக்கு அந்த உறுமல் கேட்டது. வேகத்தடைகளில் ஒவ்வொன்றாக, குறுக்காக, நிதானமாக, யாரும் கை காட்டாமல் கார் ஏறி இறங்கி வந்தது. மங்கை இறங்கினார். முடி கலைந்திருந்தது. பங்சார் போய்விட்டு, அதையும் தாண்டி வெகுதூரத்தில் இருக்கிற செமினி வரைக்கும் சும்மா ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருகிறாராம். புருஷன் நீட்டிய கையில் சாவியைக் கொடுக்கவில்லை. பங்சார்க்காரர் வீட்டுக் கல்யாணச் சமையல் நமக்குத்தான் என்று மட்டும் அவரிடம் சொல்லிவிட்டு என்னிடம் வந்தார்.

"அங்கிள், நான் வண்டி ஓட்டுற இத்தனை வருஷத்துல ஹைவேல ஒருத்தனும் எனக்கு வழி விட்டதில்ல, ஹார்ன்தான் அடிப்பான். இன்னிக்கு லோரிக்காரன்லாம் ஒதுங்கி நின்னு கை காட்டுறான்! இந்தக் காரை நீங்க தொடாதீங்க. நாங்க ரெண்டு பேரும் ஓட்டிக்கிறோம், பழைய வேனை ஆ சோங் எப்படியாவது பொழைக்க வைக்கட்டும்."

ஆக, ஸ்போர்ட்ஸ் காரில் லாபம் எவ்வளவு, நஷ்டம் எவ்வளவு என்று என்னைக் கேட்டால், மனைவி ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னாலேயே இரண்டையும் கணக்குப் போட்டு முடித்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன், பிறகு கணக்குப் போடவும் ஓட்டவும் உங்கள் முறை வருவது சிரமம்.