கையைத் தூக்கச் சொல்லும் கடை

எங்கள் துணிக்கடையில் டிரையல் ரூம் வாசலில் நிற்பவரை எல்லோரும் ‘ரூம் அக்கா’ என்றுதான் கூப்பிடுவோம். நான் பில் போடுகிறவள். அவர் வேலையைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும். சென்ட் மணக்க வரும் சீமாட்டிகள் உள்ளே போவார்கள், புது உள்ளாடையை மாட்டிக்கொள்வார்கள், தங்கள் பழசை வியர்வையும் அழுக்குமாகக் கண்ணாடிக்குப் பின்னால் செருகிவிட்டு வெறுங்கையோடு வெளியே வருவார்கள். அதை ஹேங்கர் முனையில் தூக்கிக் குப்பையில் போடுவது அக்காவின் தலையெழுத்து.

“என் பொண்ணு வாந்தியெடுத்த துணியைக்கூட மூஞ்சி சுளிக்காம துவைச்சிருக்கேன்டி. இந்த மினுக்கிங்க விட்டுட்டுப் போறதைப் பாத்தா சோறு இறங்க மாட்டேங்குது” என்பார்.

சரக்கு குறைந்துகொண்டே வந்தது. முதலாளி என்ன செய்தார் தெரியுமா? திருடுகிறவர்களுக்குக் கும்பிடு, எங்களுக்குச் சோதனை! சாயங்காலம் வேலை முடிந்ததும் பெண்கள் வரிசையாக நின்று கையைத் தூக்க வேண்டும். முதலாளியின் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு எங்கள் இடுப்பையும் மார்பையும் தடவிப் பார்ப்பார். ஒவ்வொருத்திக்கும் பிறகு கைக்குட்டையில் விரல்களைத் துடைத்துக்கொள்வார். என்ன ஜென்மங்களோ!

ஒரு நாள் அக்காவை அழைத்துப்போக அவர் மகள் பள்ளிப்பையோடு வந்திருந்தாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று, கையைத் தூக்கிய அம்மாவைப் பார்த்துவிட்டாள். வெளியே வந்ததும் கேட்டாள்: “நீ என்னம்மா எடுத்த?”

அக்கா மறுநாள் காலையில் நேரே முதலாளியிடம் போனார்.

“ஐயா, திருட்டை நான் நிறுத்திக் காட்டறேன். நின்னுட்டா இந்தக் கையைத் தூக்கற கண்றாவியை நிறுத்துவீங்களா?”

“நின்னா நானும் நிறுத்திடறேன். ஆனா கேமரா, மண்ணாங்கட்டின்னு செலவு மட்டும் வைக்காத.”

அக்கா செலவே வைக்கவில்லை. அறைக்குள் இருந்த கண்ணாடியைக் கழற்றி வெளியே, தான் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். அழகு பார்க்க வேண்டுமானால் அவர் கண் முன்னால் வந்துதான் ஆக வேண்டும். பழைய அட்டைப்பெட்டியை வெட்டி எண் எழுதினார். எத்தனை துணி உள்ளே போகிறதோ அந்த எண் அட்டையைக் கையில் கொடுப்பார். வெளியே வரும்போது அட்டையை வாங்கித் துணியையும் எண்ணுவார். யாரையும் திருடி என்று சொன்னதில்லை.

ஒருத்தி மூன்று கொண்டுபோய் இரண்டோடு வந்தாள். “உள்ள ஒண்ணை மறந்துட்டீங்கபோல, நான் எடுத்துத் தரட்டுமாம்மா?” என்றார் அக்கா. அவள் திரும்பிப் போய், மேலே போட்டிருந்ததற்கு அடியிலிருந்து உருவியதை அக்காவின் முகத்தில் விட்டெறிந்தாள். “ச்சீ, இதெல்லாம் ஒரு கடையா!” என்று வேறு கத்தினாள். திருடின வாய்க்கு எவ்வளவு திமிர்!

அடுத்த முறை சரக்கை எண்ணியபோது ஒன்றும் குறையவில்லை. முதலாளி எங்களைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

“பாத்தீங்களா? வீட்டம்மா சோதனை போட்டதுக்கு எப்படிப் பலன் கிடைச்சிருக்கு!”

அக்கா விடவில்லை. “சோதனை எத்தனையோ மாசமா நடக்குதுங்களே. கண்ணாடியை வெளிய மாட்டின பிறகுதானே ஐயா நின்னுச்சு?”

“சரி, ரெண்டும்னு வச்சுக்கோ. நல்லா நடக்கறதை எதுக்கு நிறுத்தணும்?”

அன்று சாயங்காலம் வரிசையில் அக்காவின் முறை வந்தது. அவர் கையைத் தூக்கவில்லை.

“நீங்களும்தானே தினம் கடைக்குள்ள வந்து போறீங்க? முதல்ல நீங்க தூக்குங்கம்மா. நான் பாக்கறேன்.”

“சீ! உன் கை என்மேல படணுமா?”

“இந்தக் கையாலதான் உங்க கடை நாத்தத்தை இத்தனை நாளா அள்ளினேன்” என்றார் அக்கா. பையை எடுத்துக்கொண்டு, யாரும் தடவாமலே வெளியே நடந்தார். வேலை அதோடு போயிற்று.

வெளியே நின்று பார்த்துக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது என்று சில சீமாட்டிகள் சொன்னார்களாம். முதலாளி கண்ணாடியை மறுபடி உள்ளே மாட்டச் சொன்னார். அட்டைகள் குப்பைக்குப் போயின. இப்போது சரக்கு மறுபடி குறைகிறது.

“அவ போகும்போது உங்களுக்கெல்லாம் திருடச் சொல்லிக்குடுத்துட்டுப் போயிருக்கா” என்கிறார் முதலாளி. அதனால் இப்போது மத்தியானம் சாப்பிடப் போகும்போதும் நாங்கள் கையைத் தூக்குகிறோம். தூ!