பம்பு ஓடும்போது தீ மூட்டக் கூடாது

சொன்ன வேலையைப் பாதியில் விடுவது என் தம்பி பத்துமலைக்குத் தெரியாது. மலேசியாவில், சிம்பாங் பூலாய் பக்கத்துத் தோட்டத்தில், ரப்பர் சீட்டுகளை உலர்த்தும் புகைவீட்டில் தீயைப் பார்த்துக்கொண்டவன் அவன். ஒரு சீட்டுகூடக் கருகியதில்லை. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது அந்த வேலை போயிற்று. 1988இல் கிடைத்த அடுத்த வேலையில் தீயே ஆகாது.

வேலை கொடுத்தவர் ஈப்போக்காரர் ராமசுப்பிரமணியன். நிறையப் படித்தவர், கடல் காற்றை ஆராய்பவர். பங்கோர் தீவுக்கு அப்பால், ஆளில்லாத ஒரு பாறைத் தீவில் பம்பு வைத்திருந்தார். பேட்டரியில் ஓடும் அந்தப் பம்பு காற்றை ஒரு வடிதாள் வழியாக இழுக்கும். தம்பி கூடாரம் போட்டு அங்கேயே தங்கி அதைக் காக்க வேண்டும். சனிக்கிழமை படகு வந்து தாளை எடுத்துக்கொண்டு, ரொட்டியும் சார்டின் டின்னும் தண்ணீரும் இறக்கிவிட்டுப் போகும்.

தீபாவளி லீவில் வந்தபோது எனக்கு விளக்கினான்.

"கடல்ல கண்ணுக்குத் தெரியாத பாசி இருக்குக்கா. அதுலேருந்து வர்ற வாயு மேல போயி, வெயில் பட்டு, தூசியவிடப் பொடியா மாறுதாம். அந்தப் பொடியப் பிடிச்சுக்கிட்டுத்தான் ஈரம் துளியாவுது, மேகமாவுது. பொடி கூடினா மேகம் இன்னும் வெளுப்பா இருக்கும். வெயில மேலயே திருப்பிவிடும். கீழ கடல் அவ்வளவா சூடாகாது."

"இதுக்கு நீ எதுக்குலா?"

"புகையும் பொடிதானே? நான் ஒரு சிகரெட்டு பத்தவச்சாப் போதும், எது கடலோடது எது என்னோடதுன்னு தெரியாமப் போயிரும்."

அதனால்தான் பம்பு ஓடும்போது தீ மூட்டக் கூடாது என்பது சட்டம். அவன் தீவில் இருந்தபோதெல்லாம் பம்பு ஓடியது. ஒரு வருஷம் ஒரு தாளும் கெடாமல் கொடுத்தால் வேலை நிரந்தரம் என்று ராமசுப்பிரமணியன் சொல்லியிருந்தார்.

டிசம்பரில், வருஷம் முடியப் போகிற நேரம், தம்பி பாறையில் வழுக்கி விழுந்தான். சிப்பி ஓடு பாதத்தைக் கிழித்தது. இரண்டு நாளில் கால் முழங்கால் வரை வீங்கி, காய்ச்சல் கொதித்தது. தூரத்தில் மீன்படகுகள் போயின. கைலியை அவிழ்த்து வீசிக் காட்டினான். படகில் இருந்தவர்கள் பதிலுக்குக் கையை ஆட்டிவிட்டுப் போனார்கள்.

கரை ஒதுங்கிய காய்ந்த கட்டைகள் கூடாரத்தைச் சுற்றிக் கிடந்தன. லைட்டர் பையில் இருந்தது. புகைவீட்டில் வளர்ந்த கை. நினைத்திருந்தால் பங்கோரிலிருந்தே தெரியும்படி புகை எழுப்பியிருப்பான். எழுப்பவில்லை.

சனிக்கிழமை நடந்ததைப் படகுக்காரர் பிச்சைமுத்து என்னிடம் சொன்னார். அன்று படகில் கூட வந்த ராமசுப்பிரமணியன் முதலில் பம்பிடம் போனார். இடுக்கியால் தாளை எடுத்து, பெட்டியில் வைத்து மூடினார். நாற்றம் அடித்த பிறகுதான் கூடாரத்தைத் திறந்து பார்த்தார்.

"இவ்வளவு கட்டை கெடக்கு. கொளுத்தியிருந்தா எவனாவது வந்திருப்பானேடா?"

"பம்பு ஓடுச்சு சார்."

ஈப்போ ஆஸ்பத்திரியில் தொடையோடு காலை எடுத்தார்கள். ராமசுப்பிரமணியன் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தார். அந்தத் தாளில் என்ன இருந்தது என்று நான் கேட்டேன்.

"அதுவா? அந்த வாரம் முழுக்கக் காத்து கரையிலேருந்து அடிச்சுது. லாரிப் புகை, தொழிற்சாலைப் புகை எல்லாம் அதுல இருக்கு. கடல் கணக்குக்கு ஆகாது. தூக்கிப் போட்டுட்டேன்."

"நான் கெடுக்கலையே சார்?" என்றான் தம்பி.

"நீ கெடுக்கலடா."

"அப்ப அந்த நிரந்தரம்..."

"ஒத்தக் கால வச்சிக்கிட்டுப் பாறையில என்ன, கொக்கு மாதிரி நிப்பியா?" என்று சிரித்தார். பக்கத்துக் கட்டில்காரனும் சிரித்தான். "தாப்பாவுலேருந்து புது ஆள் எடுத்தாச்சு. அவன்கிட்ட முதல்லயே சொல்லிட்டேன், ஆபத்துன்னா பம்பைப் பாக்காத, தீய மூட்டிடுன்னு."

"நல்லது சார்" என்ற தம்பி, அவர் கிளம்புவதைப் பார்த்து, மரியாதைக்கு எழுந்து நிற்கப் போனான். நான் தோளைப் பிடித்து அழுத்தினேன்.