போர்டுக்கு வைத்த சந்தனம்

எனக்குப் பார்வை இல்லை. பிறந்ததிலிருந்தே இல்லை, அதனால் அதை நினைத்து உட்கார்ந்து அழும் பழக்கமும் இல்லை. எனக்கு அழுகை வந்ததெல்லாம் பாத்ரூம் விஷயத்தில்தான்.

ஓர் அரசு அலுவலகத்தில் நான் டெலிபோன் ஆபரேட்டர். முன்பு எங்கள் ஆபீஸ் பிரெஞ்சுக்காரர் காலத்து வீடு ஒன்றில் இருந்தது. அங்கே ஒவ்வொரு கதவும் ஒவ்வொரு மாதிரி முனகும். எந்தக் கதவு எதுவென்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். பிறகு சாரம் என்ற பகுதியில் ஒரு புதுக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். கதவெல்லாம் ஒரே அளவு, ஒரே வழவழப்பு, திறந்தால் சத்தமே கிடையாது. எல்லாரும் "சூப்பரா இருக்கு" என்றார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. கலக்கினால் எங்கே போவது என்பதுதான் பிரச்சினையே.

பக்கத்து மேசையில் மூலக்குளத்திலிருந்து வரும் கிளார்க் ஒருத்தி. தங்கமான பெண். ஆனால் அவள் உள்ளே பேசினால் வாசலில் வண்டி நிறுத்துகிறவனுக்குக் கேட்கும். நான் நாற்காலியை லேசாகப் பின்னுக்குத் தள்ளினால் போதும்.

"என்னாக்கா, பாத்ரூமா? வாங்க, இட்டுனு போறேன்!"

உடனே ஆபீஸில் எல்லாப் பேச்சும் நிற்கும். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நான் ஊர்வலம் போவேன். திரும்பி வரும்போது யாராவது, "போய்ட்டு வந்துட்டீங்களாம்மா?" என்று அக்கறையாகக் கேட்பார்கள். மண்ணாங்கட்டி அக்கறை! காலைக் காபியை விட்டேன். கத்திரி வெயிலிலும் தண்ணீர் பாட்டிலைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனேன். முத்தியால்பேட்டை வீட்டு வாசலை மிதித்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடுவேன். தனியாகப் போய்விட்டுத் தனியாக வர வேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான். வெட்கத்தை விட்டு ஆபீஸ் சூப்பரின்டென்டிடம் போய்க் கேட்டேன்.

"செஞ்சிடலாம்மா, இதெல்லாம் ஒங்க உரிமை" என்று ஆரம்பித்தவர், என் டீ ஆறி ஆடை கட்டும்வரை உரிமையைப் பற்றியே பேசினார். ஆனாலும் மனிதர் சொன்னபடி செய்தார். கேண்டீனுக்கும் கழிப்பறைகளுக்கும் பிரெயில் போர்டுகள் வந்தன, விரலால் தடவிப் படிக்கிற புள்ளிகளோடு.

மாட்டிய அன்று எங்கள் பியூன் வந்து கூப்பிட்டார். கடலோரக் கிராமத்துக்காரர், சாமி பக்தி கொஞ்சம் ஜாஸ்தி. "ஒங்க போர்டு மாட்டியாச்சுக்கா, வந்து பாருங்க."

போனேன். சுவரைத் தடவினேன், கதவைத் தடவினேன். ஒன்றும் இல்லை.

"எங்கய்யா இருக்கு?"

"மேலக்கா, நெலைக்கு மேல. போர்டுன்னா அங்கதான மாட்டுவாங்க?"

"எனக்கு எப்பிடிய்யா எட்டும்?"

"இருங்க" என்று ஓடியவர் ஸ்டூலோடு வந்தார்.

ஏறினேன். கிளார்க் என் இடுப்பைப் பிடிக்க, பியூன் ஸ்டூலைப் பிடிக்க, ஆபீஸே நின்று வேடிக்கை பார்க்க, கதவுக்கு மேலே கையை நீட்டி உரக்கப் படித்தேன்: "பெண்கள் கழிப்பறை." எல்லாரும் கைதட்டினார்கள். கீழே இறங்கி நான் போட்ட சத்தத்தில் கைதட்டல் நின்றது. மறுநாள் போர்டுகள் கதவுக்குப் பக்கத்தில், என் தோள் உயரத்துக்கு இறங்கிவந்தன.

அப்புறம் எனக்கு ராஜ வாழ்க்கை. வராந்தாவில் வரிசையாக நிற்கும் பீரோக்களைத் தொட்டபடியே போவேன். அவை முடிகிற இடத்தில் போர்டு. தடவுவேன், நுழைவேன். காபி குடித்தேன், கேண்டீன் மோர் குடித்தேன், தாகமில்லாதபோதும் தண்ணீர் குடித்தேன். "என்னை வேணாம்னுட்டீங்க இல்ல?" என்று கிளார்க் மட்டும் மூக்கை உறிஞ்சினாள்.

ஆயுத பூஜை வந்தது. லீவுக்கு முந்தின நாள் மத்தியானம் பீரோக்களை நகர்த்தி ஆபீஸ் முழுக்கக் கழுவிவிட்டார்கள். கம்ப்யூட்டர், ஸ்டேப்ளர், ஜீப் என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பது பியூனின் வேலை.

"ஒங்க ஆயுதம் என்னாக்கா?" என்று கேட்டார். போனையும் வெள்ளைக் குச்சியையும் காட்டினேன். பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

லீவு முடிந்து வந்த அன்று வீட்டிலும் காபி, ஆபீஸிலும் காபி. தெம்பாக எழுந்து வராந்தாவுக்குப் போனால் பீரோக்களைக் காணோம். கழுவுவதற்காக நகர்த்தியவற்றை வேறெங்கோ வைத்துவிட்டார்கள். திசையே குழம்பிப்போனது. போகட்டும், போர்டு இருக்கிறதே என்று சுவரைத் தடவிக்கொண்டே நடந்தேன். போர்டு கைக்குக் கிடைத்தது. அதன்மேல் ஏதோ பட்டை பட்டையாகக் காய்ந்து இறுகிக் கிடந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்தேன். சந்தனம்! ஒரு புள்ளிகூட விரலில் தட்டவில்லை. பக்கத்துக் கதவின் போர்டும் அதே கோலத்தில் இருந்தது. ஆண்கள் பக்கத்து நாற்றத்தை வைத்தாவது கண்டுபிடிக்கலாம் என்று பார்த்தால், யாரோ ஒரு புண்ணியவான் காலையிலேயே இரண்டு பக்கமும் ஊதுபத்தி ஏற்றிவைத்திருந்தார்.

கிளார்க்கைக் கூப்பிட்டிருக்கலாம். மனம் வரவில்லை. மறுபடியும் அந்த ஊர்வலமா? செத்தாலும் மாட்டேன். இரண்டு காபியும் சேர்ந்து நெருக்க, சாமியை வேண்டிக்கொண்டு ஒரு கதவைத் தள்ளி உள்ளே போனேன்.

உள்ளே யாரோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். ஆண் குரல். பாட்டு சட்டென்று நின்றது.

"யாரு? ஐயோ, அம்மா, நீங்களா!"

சூப்பரின்டென்ட். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னேன்: "நான் ஒண்ணும் பாக்கல சார்."

"தெரியும்மா... தெரியும்மா..." என்றார். டீ ஆறும்வரை பேசுகிற மனிதர் அந்த ஒரு வார்த்தையையே சொல்லிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்து கத்தினேன். "என் போர்டுல சந்தனத்த அப்புனது யாருய்யா?"

பியூன் ஓடிவந்தார். "நாந்தாங்க்கா. அதுவும் ஒங்க ஆயுதந்தான? மத்ததுக்கெல்லாம் ஒரு பொட்டுதான் வச்சேன். ஒங்க போர்டுக்கு மட்டும் மூணு வெரலால பட்டையே போட்டேன்."

"ஆம்பளைங்க போர்டுக்கு எதுக்குய்யா போட்ட?"

"பக்கத்துலயே சும்மா கெடந்துதுக்கா, பாவமா இருந்துச்சு."

வாய்வரை வந்த திட்டு அங்கேயே நின்றுவிட்டது. அந்தப் போர்டு எனக்கு என்னவென்று நான் சொல்லாமலே புரிந்துகொண்டவர் அந்த ஆபீஸில் இவர் ஒருவர்தான். இவரையா திட்டுவது? ஆனால் அவசரம் எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருந்தது.

"பட்டையெல்லாம் அப்பறம்யா! லேடீஸ் எது, அத சொல்லு மொதல்ல!"

சாமிக்கு வைத்ததைச் சுரண்டுவது பாவம் என்று பியூன் போர்டைத் தொடவே மறுத்துவிட்டார். கிளார்க்தான் வெந்நீரும் பல் தேய்க்கும் பிரஷ்ஷும் கொண்டுவந்து தேய்த்தாள். அவள் தேய்க்கத் தேய்க்க நான் தடவிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம்" என்றேன். சூப்பரின்டென்ட் முன்னால் நின்று பீரோக்களைப் பழைய இடத்துக்கே திருப்பிவைக்கச் சொன்னார். என்னிடம் மட்டும் ஒரு வாரம் பேசவில்லை.

அதற்கப்புறம் ஒரு மத்தியானம். மோர் குடித்துவிட்டு நிதானமாகப் போனேன். முகம் கழுவினேன். வராந்தா ஜன்னலில் நல்ல காற்று வந்தது, கொஞ்சம் நின்றேன். திரும்பி வந்தால் ஆபீஸே அமர்க்களப்பட்டுக்கொண்டிருந்தது. சென்னையிலிருந்து ஏதோ முக்கியமான போன் அடித்து ஓய்ந்துவிட்டதாம். சூப்பரின்டென்ட் பியூனைக் கேட்க, பியூன் கிளார்க்கைக் கேட்க, அவள் ஊருக்கே கேட்கும் அந்தக் குரலில் கேட்டுக்கொண்டிருந்தாள்:

"அக்காவைக் காணமே! எங்க போனாங்கன்னு யாராச்சும் பாத்தீங்களா? எனக்குத் தெரியலயே!"

இத்தனை வருட வேலையில், நான் எங்கே இருக்கிறேன் என்று ஒருவருக்கும் தெரியாமல் போனது அன்றைக்குத்தான். பதில் சொல்லாமல், கதவுக்கு வெளியே இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன்.