இருநூற்றுக்கு மேல் பரிமாறாதீர்கள்

போன ஞாயிறு எங்கள் ரைஃபிள் கிளப்பில் ஒரு விருந்து உபசாரம் நடந்தது. பந்தியில் உட்கார்ந்தது... ஒரு துப்பாக்கி.

அழுத்தக் காற்றில் சுடும் வெளிநாட்டுத் துப்பாக்கி. கிளப்புக்கே அது ஒன்றுதான். பெரிய சிலிண்டரிலிருந்து குழாய் போட்டு, துப்பாக்கியின் குட்டி சிலிண்டரில் காற்றுப் பிடிக்க வேண்டும். மீட்டரில் முள் இருநூறைத் தொட்டதும் நிறுத்திவிட வேண்டும். லாரி டயரில் இருப்பதைவிட இருபத்தைந்து மடங்குக்கும் மேலான அழுத்தம். வெடித்தால்...?

இதெல்லாம் துப்பாக்கியோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தில் இருக்கிறது. கிளப்பில் அதை முழுசாகப் படித்த ஒரே ஆள் நான். கருமத்தம்பட்டியில் எங்கள் தறி வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை. அச்சடித்த எதையும் பாதியில் விட எனக்கு மனசு வராது. அதனால் காற்றுப் பிடிக்கும் பொறுப்பும் எனக்கே. பெருமைதான், மறைப்பானேன்?

கிளப் செயலாளர் ஒரு மில் முதலாளி. துடியலூரில் அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போனால் நடந்து திரும்ப முடியாது. அப்படிப் பரிமாறுவார். அன்று மதியம் மாவட்ட அணிக்கு ஆள் தேர்வு. இந்தத் துப்பாக்கியை யார் கையில் கொடுப்பது என்பது அவர் முடிவு. எனக்கு அது வேண்டும். ரொம்ப வேண்டும்.

வால்வை மெல்லத் திறந்தேன். நூற்றெண்பது... நூற்றுத் தொண்ணூறு... இருநூறு. மூடினேன்.

"இன்னொரு இருவது உடுங்க அம்மணி" என்றார், பக்கத்தில் நின்ற செயலாளர்.

போதும் என்றேன். சூடு ஆறினால் முள் இறங்கிவிடும், அதற்கும் சேர்த்துப் பிடிக்கச் சொன்னார். ஆறட்டும், குறைந்ததை மட்டும் பிறகு பிடிக்கலாம் என்றேன்.

"நம்மகிட்ட வந்தது அரைவகுறா போகக் கூடாதுங்க" என்று வால்வுக்கே கையை நீட்டிவிட்டார்.

பெரியவரிடம் எப்படி முடியாது என்பது? எங்கள் ஊரில் அந்த வார்த்தைக்குப் பின்னால் எத்தனை 'ங்க' போட்டாலும் போதாது. மதியத் தேர்வு வேறு கண்முன் வந்து நின்றது.

பந்தியில் போதும் என்று இலைக்குக் குறுக்கே கை வைப்போமே — அப்படியே வால்வை இரண்டு கையாலும் மறைத்தேன்.

"அதோட வகுறு அவ்வளவுதானுங்க. புஸ்தகத்துல போட்டிருக்குதுங்க."

நீட்டிய கை அப்படியே நின்றது. முறைத்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"இலைய மறைச்சுப்போட்டா அப்புறம் என்னத்தைங்க போடறது? துப்பாக்கிய நீங்களே எடுத்துக்குங்க."

அணியில் இடம் கிடைத்தது. மறுநாள் காலை அதைக் கொண்டாட அவர் வீட்டில் விருந்து. ஏழாவது இட்லிக்கு இலையை இரண்டு கையாலும் மறைத்தேன். கையின் மேலேயே இட்லி விழுந்தது.

என் வயிற்றுக்குத்தான் யாரும் புத்தகம் போடவில்லையே!