கேட்டதையெல்லாம் எழுதிவைத்த நேசமலர்

செவ்வாய்க்கிழமை காலை கோப்பாயில் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது தவம் அண்ணை போன் எடுத்தார். எங்கள் நிறுவனத்தின் பொதிகளை மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பவர் அவர். அந்த நேரத்தில் அழைப்பவர் அல்லர்.

"பிள்ளை, நேசம் தங்கச்சி விடிய மோசம் போயிட்டாவாம்," என்றார்.

அது சாவுச் செய்தி. பஸ் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

வட்டுக்கோட்டை நேசமலர் அவர்கள் எங்களுக்கு நேசம் அக்கா. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பலாலி வீதிக்குப் பக்கத்து மாடியொன்றில் எங்கள் அலுவலகம் இருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவர்கள் எங்கள் இணையக் கடையில் பொருள் தெரிவு செய்து ஓடர் கொடுப்பார்கள். நாங்கள் அதை இங்குள்ள அவர்களுடைய உறவினரிடம் சேர்ப்போம். கடையின் கணினி நிரலை எழுதுவது என் வேலை. அதன் தரவுத்தளத்தைப் பார்த்துக்கொள்ள, கொழும்பில் ஒரு கம்பனியில் இருந்த நேசம் அக்கா ஊர் திரும்பி எங்களிடம் வந்து சேர்ந்தார். என்னைவிட மூன்று வயது மூத்தவர். நீலக் குடையும் சாப்பாட்டுப் பெட்டியுமாக இரண்டு பஸ் மாறி வருவார். ஒரு நாளும் பிந்தியதில்லை.

வந்த முதல் மாதமே லொக் என்னும் பதிவேட்டைத் திறந்துவிட்டார். கடையில் யாராவது ஒரு பக்கத்தைத் திறந்தால், அந்தப் பக்கம் தரவுத்தளத்திடம் பல கேள்விகள் கேட்கும். என்ன கேட்டது, எந்தப் பக்கம் கேட்டது, பதில் வர எவ்வளவு நேரம் சென்றது என்று ஒவ்வொன்றும் ஒரு கோப்பில் வரிவரியாக விழத் தொடங்கியது. எனக்கு அது பிடிக்கவில்லை.

"உது என்ரை பிழையளைப் பிடிக்கவோ அக்கா?" என்று கேட்டேன்.

"கேட்டதை எழுதும், அவ்வளவுதான். உம்மடை பேரை அது எழுதாது," என்றார்.

அந்த வருடம் பொங்கலுக்கு முதல் வாரம் கடை ஆமை வேகத்தில் நகர்ந்தது. புதிய சேர்வர் வாங்குவோம் என்றார் மனேஜர். நேசம் அக்கா என்னைத் தன் கதிரையில் இருத்தி லொக்கைக் காட்டினார். பொங்கல் பானைகளின் பக்கத்தைத் திறந்தால், என் நிரல் ஒவ்வொரு பானைக்கும் தனித்தனியாக ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது.

"எல்லாப் பானையையும் ஒரே தடவையில கேளுமன், வசந்தி."

மத்தியானத்துக்குள் திருத்தினேன். கடை ஓடத் தொடங்கியது. எப்படி என்று மனேஜர் கேட்டபோது, "வசந்தி பார்த்துச் செய்தவ," என்று மட்டும் சொன்னார் நேசம் அக்கா.

இன்னொரு நாள் அவருடைய திரையில், பரிசோடு அனுப்பும் வாழ்த்து வரிகளும் லொக்கில் விழுந்திருப்பதைக் கண்டேன். ஒரு மகன் தாய்க்கு எழுதியது. நான் வாசிக்கத் தொடங்க, அவர் கையால் திரையை மறைத்தார்.

"உது எங்களுக்கு எழுதினதில்லை."

அன்று மாலைக்குள் பெயர், தொலைபேசி, விலாசம், வாழ்த்து எதுவும் லொக்கில் விழாதபடி செய்துவிட்டார். ஓடர் இலக்கமும் நேரமும் கேள்வியும் மட்டும் மிஞ்சின. முப்பது நாள் கழிந்தால் அவையும் அழிந்துவிடும்.

அடுத்து நடந்ததை நான் எழுதாமல் விட முடியாது.

கனடாவிலிருந்து ஒருவர், கோப்பாயில் இருக்கும் தாயின் அறுபதாவது பிறந்தநாளுக்குச் சேலையும் கேக்கும் அனுப்பச் சொல்லியிருந்தார். தவம் அண்ணை அவற்றை மானிப்பாயில் இருந்த அந்த மகனின் பெரியம்மா வீட்டில் கொடுத்துவிட்டார். தாய் அன்று முழுவதும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். மகன் மனேஜரைப் போனில் வாட்டி எடுத்தார். பொதி இடம் மாறிப் போனதாக அந்த மாதத்தில் வந்த இரண்டாவது முறைப்பாடு அது.

"எனக்குப் போனில காட்டின விலாசத்திலதான் குடுத்தனான்," என்றார் தவம் அண்ணை.

மனேஜர் ஓடரைத் திறந்து பார்த்தார். கோப்பாய் விலாசம்தான் இருந்தது. திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வரவேண்டாம் என்று தவம் அண்ணையிடம் சொல்லிவிட்டார். நானும் அந்த மனிதரை நம்பவில்லை.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. நேசம் அக்கா காலையிலிருந்து லொக்கைத் தோண்டிக்கொண்டிருந்தார். மத்தியானம் என்னை அழைத்தார். விலாசம் லொக்கில் இல்லாவிட்டாலும், அது மாற்றப்பட்ட நேரம் இருந்தது: பிறந்தநாள் காலை ஒன்பது மணிக்கு அந்த ஓடரின் விலாசம் மாறியிருந்தது. பெரியம்மாவுக்கு வேறொரு பொருள் அனுப்புவதற்காக வாடிக்கையாளர் புது விலாசம் சேர்த்திருக்கிறார். என் நிரல் அந்த ஒரு ஓடருக்கு மட்டுமல்லாமல், அவருடைய எல்லா ஓடர்களுக்கும் அந்த விலாசத்தை எழுதிவிட்டது. பின்னேரம் அவரே அதைக் கண்டு திருத்தியிருக்கிறார். இரண்டுக்கும் இடையில்தான் தவம் அண்ணை போயிருந்தார். முதலாவது முறைப்பாடும் அதே கதைதான். எந்த ஓடர் என்று குறிக்கும் ஒரு வரியை நான் எழுத மறந்திருந்தேன்.

"இதை நான் சொல்லுறதோ, நீர் சொல்லுறீரோ?" என்று மெல்லக் கேட்டார்.

"திங்கட்கிழமை சொல்லுவம் அக்கா," என்றேன்.

"கீழை தவம் அண்ணை மோட்டார் சைக்கிள் சாவியைக் குடுக்க நிக்கிறார். திங்கள் வரைக்கும் அந்தாள் வீட்டில என்னெண்டு முகம் குடுக்கிறது?"

எழுந்து போனேன். அவரும் கூடவே வந்தார். மனேஜரிடம் என் வாயால் சொன்னேன். அவர் லொக்கைத் தானே வாசித்துப் பார்த்தார். பிறகு தவம் அண்ணையை மேலே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார். நானும் கேட்டேன்.

"நான் சொன்னதை நீங்கள் ஒருக்கா நம்பியிருக்கலாம்," என்றார் தவம் அண்ணை.

நேசம் அக்காதான் பதில் சொன்னார். "நேற்றே நான் லொக்கைப் பார்த்திருக்க வேணும் அண்ணை. பார்க்காமல் விட்டிட்டன்."

அதன்பின் அந்த அலுவலகத்தில் யார் மீதும் குறை சொல்லுமுன் லொக்கைப் பார்ப்பது வழக்கமாயிற்று.

சென்ற வருடம் அவருக்கு வருத்தம் கண்டது. சிகிச்சைக்குத் தெற்கே போய்வந்த நாட்களிலும் வீட்டிலிருந்து வேலை செய்தார். கடைசியாகப் பார்க்கப் போனபோது மிகவும் மெலிந்திருந்தார். நான் அழுதுவிடுவேன் என்று தெரிந்தோ என்னவோ, வேலைக் கதையே கதைத்தார்.

"லொக் வடிவாய் ஓடுதோ?"

"ஓம் அக்கா. முப்பது நாளை அறுபதாக்குவம் எண்டு மனேஜர் சொல்லுறார்."

"வேண்டாம். சனத்தின்ரை அலுவலை எங்களுக்குத் தேவைக்கு மேல வச்சிருக்கக் கூடாது," என்றார். சொல்லி முடிக்க இருமல் வந்தது. தண்ணீர் கொடுத்தேன். என் கையைப் பிடித்தபடியே குடித்தார்.

வட்டுக்கோட்டைத் தேவாலயத்தில் ஆராதனை முடிந்து, அடக்கமும் முடிந்தது. அக்காவின் தம்பி என்னிடம் வந்தார்.

"அக்கா உங்கை என்ன வேலை செய்தவ? கேட்டால், கொம்பியூட்டர் வேலை எண்டு மட்டும் சொல்லுவா."

நான் சொல்லத் தொடங்கினேன். பொங்கல் பானைகளைச் சொன்னேன். பிறகு அந்த வெள்ளிக்கிழமையை, என் பிழையை, ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். தவம் அண்ணை பக்கத்தில் நின்று, நான் விட்ட இடங்களை நிரப்பினார். மழை தூறத் தொடங்கியது. அந்தத் தம்பி நகரவில்லை.

"இன்னும் சொல்லுங்கோ," என்றார்.

தேவாலய வாசலில் ஒதுங்கி நின்று, தெரிந்ததையெல்லாம் சொன்னோம். வெளியே புதிய மண்ணில் மழை இறங்கிக்கொண்டிருந்தது.

போயிட்டு வாங்கோ, அக்கா.